சத்தத்தை எண்ணிப் பாருங்கள்

வாசகர் கேள்வி, ஊறணிக் கராஜ்காரர் பதில்

மாரி மழை விட்டுத் தை பிறந்தால் என் கராஜுக்கு இரண்டு வகை வாகனங்கள் வரும். ஒன்று, வெள்ளத்தில் இறங்கியவை. மற்றது, சுரியில் புதைந்து, உழவு மிசினால் இழுத்தெடுக்கப்பட்டு, "ஒன்றும் ஆகவில்லை" என்று ஒரு மாதம் ஓடி, பிறகு கத்தத் தொடங்கியவை. இம்முறை வந்த கடிதக் கட்டும் அதே கதைதான். பாதிக்கு மேல் முன் டிஃபரன்ஷல் பற்றியது, அதாவது இழுவையை இரண்டு முன் சில்லுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி. எரிபொருள் சிக்கனம் கேட்டவர்களும் ஏசி கேட்டவர்களும் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐயா, எனக்குச் சித்தாண்டி. மயிலத்தமடுப் பக்கம் பட்டி வைத்திருக்கிறோம். பால் ஏற்ற ஒரு பழைய டபுள் கெப் இருக்கிறது, முன் சில்லை எக்சலோடு சேர்க்கும் ஹப்பைக் கையால் திருகிப் பூட்டும் மொடல். மார்கழியில் சுரிக்குள் மறைந்து கிடந்த முதிரைக் குற்றி ஒன்றில் முன்பக்கம் ஏறி விழுந்தது. அன்று ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் வாடிக்கு முன்னால் மணலில் உள்ளங்கை அளவு எண்ணெய்க் கறை. இப்போது மூன்று கிழமையாக ஐம்பதில் ஓடும்போது ஊளை மாதிரி ஒரு சத்தம். முதல் கியரில் இழுக்கும்போது அடியில் ஒரு முட்டு. டூ வீலில் போட்டால் சத்தம் குறைகிறது, ஆனால் முழுக்கப் போகவில்லை. டவுனில் ஒரு கராஜில் காட்டினேன். கழற்றாமலே "முன் டிஃபரன்ஷல் முடிந்தது, பாவித்தது ஒன்று எடுத்துப் போடவேண்டும், இரண்டரை இலட்சம்" என்றார்கள். போடவா?
(பால் பண்ணையாளர், சித்தாண்டி)

பதில்: இப்போதைக்குப் போடவேண்டாம் தம்பி. அவர் சொன்னது பிழை என்று நான் சொல்ல வரவில்லை. பார்க்காமல் சொன்னாரே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. நாய்க்கு எங்கே அடிபட்டாலும் பின்னங்காலைத்தான் தூக்கும். ஃபோர் வீல் வாகனமும் அப்படித்தான். டயர் கத்தினாலும், சில்லு பெயரிங் கத்தினாலும், டிஃபரன்ஷலுக்கு இழுவை கொண்டுவரும் முன் சாஃப்டின் குறுக்கு மூட்டு தேய்ந்தாலும் ஓட்டுகிறவரின் காலுக்கடியில் ஒரே மாதிரித்தான் கேட்கும். எல்லாப் பழியும் டிஃபரன்ஷலின் தலையில் விழும்.

உங்கள் கடிதத்தில் ஒரு சொல் குறைகிறது. டூ வீலில் போட்டபோது ஹப்பைத் திறந்தீர்களா? திறக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன், பட்டிக்காரர்கள் மாரி முழுக்க ஹப்பைப் பூட்டியபடியே வைத்திருப்பார்கள். ஹப் பூட்டிக் கிடந்தால், உள்ளே ஃபோர் வீல் கம்பியை டூ வீலுக்கு இழுத்தாலும் முன் சில்லுகள் எக்சலைச் சுற்றும், எக்சல் டிஃபரன்ஷலுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலைச் சுற்றும், கிரவுன் வீல் தன்னோடு கடிக்கும் சின்னப் பல்சக்கரமான பினியனையும் முன் சாஃப்டையும் சுற்றும். பாரம் மட்டும்தான் இல்லை. அதனால்தான் சத்தம் குறைந்தது, போகவில்லை. இப்போது இரண்டு ஹப்பையும் திறந்துவிட்டு அதே வீதியில் அதே ஐம்பதில் ஓடிப் பாருங்கள். உங்கள் மொடலில் ஹப் திறந்தால் முன் எக்சல், டிஃபரன்ஷல், சாஃப்ட் எல்லாம் சும்மா கிடக்கும். சத்தம் முற்றாக நின்றால் குற்றவாளி அந்தக் கூட்டத்துக்குள் இருக்கிறான். நிற்காவிட்டால் டிஃபரன்ஷலை மறந்துவிட்டுச் சில்லு பெயரிங்கையும் டயரையும் பாருங்கள். பெரிய பூப்போட்ட சுரி டயர் என்றால் தார் ரோட்டில் ஊளையிடத்தான் செய்யும். தாரிலிருந்து கிரவல் ரோட்டுக்கு இறங்கியதும் சத்தத்தின் குணம் மாறினால் அது டயர்.

அடுத்தது அந்த முட்டு. இதற்கு ஒரு பழைய வேலை சொல்கிறேன்.

1986இல், பதினாறு வயதில், ஏறாவூரில் ஒரு பாஸிடம் ஸ்பானர் கழுவச் சேர்ந்தேன். நாங்கள் எல்லோரும் அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு ஒரு காது கேட்காது, மற்றதும் அரைகுறை. அதனால் அவர் சத்தத்தைக் கேட்கமாட்டார், எண்ணுவார். முன் சில்லின் ஓரத்தில் சோக்கால் ஒரு கோடு போடுவார். வாகனத்தை மணல் ரோட்டில் ஃபோர் வீல் லோவில் நடை வேகத்தில் விடுவார். நான் பக்கத்தில் நடக்கவேண்டும். கோடு கீழே வரும் ஒவ்வொரு முறையும் "ஒண்டு... ரெண்டு..." என்று கத்தவேண்டும். அவர் உள்ளங்கையைக் கியர் தண்டில் வைத்துக்கொண்டு முட்டை எண்ணுவார். பதினாறு வயதில் எனக்கு இது பைத்தியக்கார வேலையாகத் தெரிந்தது. கடைத்தெருப் பொடியன்கள் சிரித்ததும் ஞாபகம் இருக்கிறது.

கணக்கு இதுதான். கிரவுன் வீலில் 41 பல், பினியனில் 10 பல் என்று வையுங்கள். நேராக ஓடும்போது சில்லு ஒரு சுற்று சுற்றினால் கிரவுனும் ஒரு சுற்று, பினியன் நாலு சுற்றும் கொஞ்சமும். ஆகவே சில்லின் ஒரு சுற்றுக்கு ஒரு முட்டு என்றால் கிரவுன் வீலில் பல் உடைந்திருக்கலாம். அல்லது சில்லுப் பக்கமே, பிரேக் டிஸ்க், ஹப், எக்சல் என்று ஏதாவது. ஒரு சுற்றுக்கு நாலு முட்டு என்றால் பினியன் பல். எட்டுப் போலப் படபடவென்று வந்தால் சாஃப்டின் குறுக்கு மூட்டைப் பாருங்கள், அது தன் ஒரு சுற்றுக்கு இரண்டு தரம் அடிக்கும். நேராகப் போகும்போது சத்தமே இல்லை, திரும்பும்போது மட்டும் உள்ளே கடகடக்கிறது என்றால் கிரவுனின் நடுவில் இருக்கும் வேறு சின்னப் பினியன்கள். நேர் ரோட்டில் அவை தம் அச்சில் உருளுவதே கிடையாது, இரண்டு சில்லும் வேறு வேறு வேகத்தில் ஓடும்போதுதான் அவை உருளும். இதைத் தார் ரோட்டில் செய்யாதீர்கள். காரணம் பின்னால் வரும்.

உங்கள் முட்டு எண்ணுகிற வகை இல்லை என்று நினைக்கிறேன். இழுக்கத் தொடங்கும்போது ஒரே ஒரு முட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். குற்றியில் ஏறி விழுந்த வாகனத்தில் நான் முதலில் பார்ப்பது டிஃபரன்ஷலைச் சேஸிஸோடு பிடித்திருக்கும் ரப்பர் புஷ்களை. அது கிழிந்தால் ஆக்சிலேட்டரை மிதித்ததும் முழுக் குடமும் (டிஃபரன்ஷலின் கூடு) எழும்பி ஒரு முட்டு, விட்டதும் விழுந்து இன்னொரு முட்டு. ஒரு அலவாங்கை இடையில் கொடுத்து மெல்ல நெம்பிப் பாருங்கள். நல்ல புஷ் கொஞ்சம் இளகும், உடனே திரும்பி வரும். கிழிந்தது தொங்கும். புஷ் மாற்ற இரண்டரை இலட்சம் தேவையில்லை.

ஆனால் என்னை யோசிக்க வைத்தது அந்த உள்ளங்கை அளவு எண்ணெய்க் கறைதான். அதை நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள், முதல் வரியில் எழுதியிருக்கவேண்டும். குடம் வெடித்ததோ, சீல் நழுவியதோ, ஒயில் போயிருக்கிறது. மூன்று கிழமையாகக் குறைந்த ஒயிலில் ஓடியிருக்கிறீர்கள். கிரவுன் வீல் அடியில் கிடப்பது, அதற்கு எப்படியும் கொஞ்சம் ஒயில் கிடைக்கும். பினியன் மேலே தள்ளி இருப்பது, கிரவுன் அள்ளி எறிகிற ஒயில்தான் அதற்குச் சாப்பாடு. அளவு குறைந்தால் முதலில் பட்டினி கிடப்பது பினியனின் வெளிப்பக்க பெயரிங். உங்கள் ஊளை அங்கிருந்துதான் வருகிறது என்று பந்தயம் கட்டுவேன், பெரிய பந்தயம் இல்லை, ஒரு பால் தேத்தண்ணிக்கு.

ஆகவே வேறு எதற்கும் முன் ஒயிலைப் பாருங்கள். வாகனம் சமதரையில் நிற்கட்டும். ஊற்றும் வாயின் பிளக்கை முதலில் கழற்றுங்கள், வடிக்கும் பிளக்கைத் தொடாதீர்கள். இதை நான் படித்தது கரடியனாற்றில். மாலை ஐந்து மணிக்கு ஒயிலை எல்லாம் வடித்துவிட்டு மேல் பிளக்கில் கை வைத்தால் அது துருப்பிடித்து இறுகிக் கிடக்கிறது. சாவி வழுக்கி மூலைகளும் மழுங்கிப் போயின. அந்த வாகனம் இரண்டு நாள் அங்கேயே நின்றது, நானும் நின்றேன். ஊற்றும் வாயில் சுண்டுவிரலை விட்டால் அதன் கீழ் விளிம்புக்கு ஒயில் முட்டவேண்டும். முட்டாவிட்டால் குறைவு.

பிறகு வடியுங்கள். பிளக்கில் காந்தம் இருந்தால் அதைத் துடைக்க அவசரப்படாதீர்கள், வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் திருநீற்றைக் குழைத்த மாதிரி மெல்லிய பசை இருந்தால் பயமில்லை, எல்லா டிஃபரன்ஷலிலும் அது சேரும். ஊசி ஊசியாக, செதில் செதிலாக மின்னினால் பெயரிங் தன் தோலை உரிக்கிறது. அரிசி அளவு கட்டி வந்தால் அது பல். அப்போது திறந்தே ஆகவேண்டும்.

திறக்க வேண்டி வந்தால் யாரிடம் கொடுப்பது? நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் இல்லாத கராஜில் கொடுக்காதீர்கள். கிரவுனுக்கும் பினியனுக்கும் இடையில் இருக்கவேண்டிய ஆட்டம் பெரும்பாலான வாகனங்களில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று, ஒன்றரை, அவ்வளவுதான். அதைக் கையால் ஆட்டிப் பார்த்து "சரி" என்று சொல்கிறவரிடம் நான் என் சைக்கிளைக்கூடக் கொடுக்கமாட்டேன். பல்லில் மை பூசிச் சுற்றி, எங்கே பதிகிறது என்று பார்க்கவும் தெரிந்திருக்கவேண்டும். பல் உடைந்தால் கிரவுனும் பினியனும் சோடியாகத்தான் மாறும். இரண்டையும் ஒன்றோடொன்று உரசிப் பழக்கித்தான் செய்கிறார்கள், ஒன்றைப் பழையதாக வைத்து மற்றதைப் புதிதாகப் போட்டால் ஆயுசுக்கும் ஊளைதான்.

எல்லாம் பார்த்த பிறகும் பாவித்த முழு டிஃபரன்ஷல்தான் மலிவு என்று வந்தால் வாங்குங்கள், அதில் வெட்கமில்லை. ஆனால் பல் விகிதத்தை எண்ணாமல் காசை நீட்டாதீர்கள். ஒரே மொடல், ஒரே உருவம், உள்ளே விகிதம் வேறாக இருக்கும். பல வருடத்துக்கு முன் ஒரு வாகனம் என்னிடம் வந்தது. வேறோர் இடத்தில் முன் டிஃபரன்ஷல் மாற்றியிருந்தார்கள். டூ வீலில் பட்டுப்போல ஓடும். ஃபோர் வீல் போட்டால் நூறு யார் தூரத்துக்குள் இறுகி, குதித்து, கம்பியைத் திரும்ப இழுக்கவும் முடியாது. பின்னால் 4.1, முன்னால் 4.3. ஒரே வேகத்தில் சுற்றும் இரண்டு சாஃப்டுகள் முன் சில்லை ஒரு வேகத்திலும் பின் சில்லை இன்னொரு வேகத்திலும் ஓடச் சொன்னால் நடுவில் இரண்டு சாஃப்டையும் இணைக்கிற சங்கிலிதான் செத்தது.

எண்ணுவது இலகு. டூ வீலில் போட்டு ஹப்பைப் பூட்டுங்கள். பின் சில்லுகளுக்கு இரண்டு பக்கமும் மரக்கட்டை கொடுத்து, ஒரு முன் சில்லை மட்டும் ஜக்கில் தூக்கி, அடியில் ஸ்டான்டும் வையுங்கள். தூக்கிய சில்லைக் கையால் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். முன் சாஃப்டில் போட்ட சோக் கோடு எத்தனை தரம் சுற்றுகிறதோ அதுதான் விகிதம். ஒரு சில்லு நிலத்தில் நிற்பதால் இரண்டு சுற்றுக்குக் கிரவுன் ஒரு சுற்றுத்தான் சுற்றும், அதனால்தான் இரண்டு சுற்று சுற்றச் சொன்னேன். 4.1க்கும் 4.3க்கும் வித்தியாசம் பிடிக்கக் கண் போதாது என்றால் இருபது சுற்று சுற்றுங்கள். 41க்கும் 43க்கும் வித்தியாசம் பொடியனுக்கும் தெரியும். வாங்கப்போகும் டிஃபரன்ஷல் தரையில் கிடக்கிறதா? மூடியைக் கழற்றிப் பல்லை எண்ணச் சொல்லுங்கள். விற்கிறவர் மறுத்தால் வேறு கடை.

கேள்வி: என்னுடைய எக்ஸ்-ட்ரெய்ல் ஓட்டோமெட்டிக், நாலு சில்லும் இழுக்கும். கடற்கரை மணலில் ஓடியதால் முன் டிஃபரன்ஷல் ஒயில் மாற்ற நினைத்தேன். தேடினால் குடமே இல்லை!
(மாணவர், காத்தான்குடி)

பதில்: தேடாதீர்கள் மகன். உங்கள் வாகனத்தில் முன் டிஃபரன்ஷல் கியர் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது, கியர் பெட்டியின் ஒயிலையே அதுவும் குடிக்கிறது. யாராவது "முன் டிஃபரன்ஷலுக்கு 80-90 கியர் ஒயில் ஊற்றவேண்டும்" என்று சொல்லிக் கியர் பெட்டியில் ஊற்ற வந்தால் கையைப் பிடித்துத் தடுங்கள். சிவிடி (பல்சக்கரப் படிகள் இல்லாத ஓட்டோமெட்டிக்) பெட்டிக்கு அதற்குரிய ஒயில் மட்டும்தான். பின் பக்கம் தனிக் குடம் இருக்கிறது, அதையும் கியர் பெட்டியிலிருந்து சாஃப்ட் புறப்படும் இடத்தில் உள்ள சின்னப் பெட்டியையும் கைப்புத்தகத்தில் பார்த்துச் செய்யுங்கள். உப்புத் தண்ணி பட்டிருந்தால் அடிப்பக்கம் நல்ல தண்ணியால் நன்றாகக் கழுவுங்கள்.

கேள்வி: வெள்ளத்தின்போது வெல்லாவெளிப் பக்கம் கடமைக்குப் போகவேண்டி, சில்லு மூடும் தண்ணீரில் இரண்டு மூன்று தடவை இறங்கினோம். இப்போது சத்தம் எதுவும் இல்லை. ஆனால் சாரதி, முன் டிஃபரன்ஷல் ஒயில் வெள்ளையாக இருக்கிறது என்கிறார். சத்தம் வரும்வரை பொறுக்கலாமா?
(அரச உத்தியோகத்தர், களுவாஞ்சிக்குடி)

பதில்: உங்கள் சாரதி கெட்டிக்காரர். பொறுக்கவேண்டாம், நாளைக்கே மாற்றுங்கள்.

2011 ஜனவரி வெள்ளத்துக்குப் பிறகு இப்படி வாகனங்கள் என் கராஜ் வாசலில் வரிசையாக நின்றன. பிளக்கைக் கழற்றினால் எல்லாவற்றிலும் பால் தேத்தண்ணி. சிலதில் முதலில் வெறும் தண்ணீரே வந்தது, இரவு நின்ற வாகனத்தில் தண்ணீர் அடியில் தங்கிவிடும். உடனே மாற்றியவர்களின் டிஃபரன்ஷல் பிழைத்தது. "சத்தம் இல்லையே" என்று சித்திரை வரை ஓட்டியவர்கள் பெயரிங் மாற்றினார்கள். தண்ணீர் கலந்த ஒயில் பல்லுக்கு நடுவில் நிற்காது. அதைவிட மோசம், வாகனம் நிற்கும்போது பெயரிங் உருளையில் துருப் புள்ளி வைக்கும். அந்தப் புள்ளிதான் இரண்டு மூன்று மாதம் கழித்து ஊளையிடும்.

குடத்துக்குள் தண்ணீர் எப்படிப் போகிறது என்று எல்லோரும் கேட்பார்கள், சீல் நல்லாத்தானே இருக்கிறது என்பார்கள். டிஃபரன்ஷலின் மேலே மூச்சுவிடும் ஒரு சின்னக் குழாய் இருக்கும், பிரீதர். ஓடிச் சூடான குடத்தைக் குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால் உள்ளே காற்றுச் சுருங்கும். சுருங்கினால் வெளியிலிருந்து இழுக்கும். பிரீதர் தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரை இழுக்கும். சேறு அடைத்துக் கிடந்தால் சீலின் உதட்டு வழியாக இழுக்கும். ஆகவே இறங்குமுன் பத்துப் பதினைந்து நிமிடம் நிறுத்தி ஆறவிடுங்கள். ஒரு ரப்பர் குழாயைப் பிரீதரில் மாட்டி எஞ்சின் பெட்டிக்குள் உயரமாகக் கொண்டுபோய்க் கட்டிவிடுங்கள். படுவான்கரையில் (வாவிக்கு மேற்கே) வேலை செய்கிற எந்த வாகனத்துக்கும் நான் கேட்காமலே இதைச் செய்துவிடுவேன்.

ஒரு தரம் மாற்றினால் போதாது. மாற்றி, இரண்டு மூன்று நாள் ஓடி, மறுபடி வடியுங்கள். முதல் தரம் மூலைகளில் ஒட்டியிருந்தது இரண்டாம் தரம்தான் வரும். பெரும்பாலான டபுள் கெப்களின் முன் குடம் இரண்டு லீற்றருக்குள்தான் கொள்ளும், செலவு பெரிதில்லை. வாவித் தண்ணீரில் இறங்கியிருந்தால் இன்னும் அவசரம், அது உவர். பின் டிஃபரன்ஷலையும் கியர் பெட்டியையும் பார்க்கச் சொல்ல மறந்துவிடாதீர்கள். முன்னுக்குப் போன தண்ணீர் பின்னுக்குப் போகாது என்று சட்டம் இல்லை.

கேள்வி: என் கணவர் சபாரி ஜீப் ஓட்டுகிறார், பாணம, குமண என்று தினமும் கிரவல் ரோடு. திருப்பும்போது முன்னால் "டிக் டிக் டிக்" என்கிறது. டிஃபரன்ஷல் என்று பயப்படுகிறார். சீசன் நேரம், வாகனத்தை நிறுத்த வழியில்லை.
(வாசகி, பொத்துவில்)

பதில்: தங்கச்சி, ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி மெல்ல மிதிக்கும்போது டிக் டிக் என்றால் பெரும்பாலும் அது சில்லுப் பக்கத்து சிவி ஜொயின்ட், சில்லு திரும்பியிருக்கும்போதும் இழுவையைக் கொடுக்கும் மூட்டு. வெறும் இடத்தில் இடப்பக்கம் ஒரு வட்டம், வலப்பக்கம் ஒரு வட்டம் போடச் சொல்லுங்கள். பிறகு கீழே குனிந்து, சில்லுக்கு உட்பக்கம் இருக்கும் மடிப்பு ரப்பர் உறையை, பூட் என்பார்கள், பார்க்கச் சொல்லுங்கள். கிழிந்து, சில்லின் உட்புறமெல்லாம் கிரீஸ் தெறித்திருந்தால் விசயம் முடிந்தது. பூட் மட்டும் கிழிந்து சத்தம் வராமல் இருந்திருந்தால் கழுவிக் கிரீஸ் போட்டுப் புதுப் பூட் மாட்டலாம். சத்தம் வந்துவிட்டது என்றால் மணல் உள்ளே போய்க் குண்டுகளை அரைத்துவிட்டது, ஜொயின்டையே மாற்றவேண்டும். சில நாள் ஓடலாம். ஆனால் சில்லை முழுக்கத் திருப்பிய நிலையில் சுரியிலிருந்து ஏறுவதற்கு மிதிக்கவே கூடாது, அந்த மூட்டு மிகவும் பலவீனமாக இருப்பது அந்தக் கோணத்தில்தான். சுற்றுலாக்காரரோடு யானைக்கு முன்னால் எக்சல் உடைவதை நினைத்துப் பாருங்கள் என்று அவரிடம் சொல்லுங்கள், உடனே கராஜுக்குப் போவார்.

கேள்வி: நாலு சில்லும் இழுக்கும் உழவு மிசின் வாங்கி இரண்டு போகம்தான். முன் டயர் மொட்டையாகிவிட்டது, ரோட்டில் ஓடும்போது முன் எக்சலில் உறுமல். வட்டையில் (வயலில்) ஓடும்போது ஒன்றும் இல்லை.
(விவசாயி, சம்மாந்துறை)

பதில்: ரோட்டிலும் முன் இழுவையைப் போட்டபடியே ஓட்டுகிறீர்கள் அண்ணன், பந்தயம் கட்டத் தேவையில்லாத விசயம் இது. அந்த வகை மிசின்களில் முன் சில்லு பின் சில்லைவிடக் கொஞ்சம் முந்தி ஓடும்படிதான் செய்திருப்பார்கள், நூற்றுக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை. சேற்றில் அது நல்லது, முன் சில்லு இழுத்துக்கொண்டு போகும், வழுக்கி வித்தியாசத்தைச் சரிக்கட்டும். தாரில் வழுக்க இடமில்லை. டயர் உரசித் தேயும், மிச்சம் எல்லாம் முன் எக்சலின் பல்லில் ஏறும்.

மேலே தார் ரோடு வேண்டாம் என்று சித்தாண்டித் தம்பிக்குச் சொன்னதும் இதற்காகத்தான். நடுவில் டிஃபரன்ஷல் இல்லாத எந்த ஃபோர் வீலையும் காய்ந்த தாரில் வளைத்தால் முன் சில்லு பெரிய வட்டம், பின் சில்லு சின்ன வட்டம், சாஃப்டுகள் இரண்டும் ஒரே வேகம். எங்கேயாவது முறுக்கு ஏறத்தான் வேண்டும். வட்டையிலிருந்து ரோட்டில் ஏறியதும் முன் இழுவையை எடுத்துவிடுங்கள். முன் எக்சலின் நடுக் குடத்தில் மட்டுமில்லை, இரண்டு சில்லு முனையிலும் தனித்தனி ஒயில் இருக்கும், அதை யாரும் பார்ப்பதில்லை. சீலில் வைக்கோல் சுற்றியிருந்தால் அறுத்தெடுங்கள்.

கேள்வி: டபுள் கெப்பில் ஃபோர் வீல் போட்டால் லைட் நின்று எரியாமல் கண்ணடித்துக்கொண்டே இருக்கிறது. முன் சில்லு இழுக்கவில்லை. டிஃபரன்ஷல் உடைந்துவிட்டதா?
(மீன் வியாபாரி, வாகரை)

பதில்: உடைந்தால் சத்தம் போடும், கண்ணடிக்காது. உங்களுடையது வக்யூமால் (காற்றை உறிஞ்சும் இழுவையால்) முன் எக்சலைச் சேர்க்கும் வகை என்று நினைக்கிறேன். எஞ்சின் பக்கத்திலிருந்து முன் டிஃபரன்ஷல் வரை போகும் மெல்லிய ரப்பர் குழாய்களைத் தடவிக்கொண்டே போங்கள். பற்றைக்குள் ஓடும்போது கொம்பு இழுத்திருக்கும், அல்லது எலி. மீன் வாகனத்தில் எலி வராமல் வேறு எங்கே வரும்? குழாயைக் கழற்றி வாயால் உறிஞ்சிப் பாருங்கள், பிடித்து நின்றால் குழாய் நல்லது. டீசல் எஞ்சின்களில் பிரேக்குக்கும் இதே வக்யூம்தான். பிரேக் மிதியும் இறுகியிருந்தால் அன்றைக்கே காட்டுங்கள், அதில் விளையாட்டு வேண்டாம்.

கேள்வி: ஒவ்வொரு ஆடியிலும் கதிர்காமப் பாதயாத்திரை அடியார்களுக்கு உகந்தை வரை தண்ணீர் கொண்டுபோகிறோம். போன வருடம் காட்டு ரோட்டில் முன்னால் "படார்" என்று உடைந்து, சில்லு இறுகிவிட்டது. ஒரு இரவு அங்கேயே கிடந்தோம். அப்படியான நேரத்தில் என்ன செய்வது?
(தொண்டர் சபை உறுப்பினர், திருக்கோவில்)

பதில்: கையால் பூட்டும் ஹப் என்றால் இரண்டையும் திறந்து, டூ வீலில் போட்டு வீட்டுக்கு வாருங்கள். உடைந்த டிஃபரன்ஷல் சுற்றாமல் கிடக்கும். ஹப் திறக்க முடியாத வாகனம் என்றால் முன் சாஃப்டைக் கழற்றுவது இரண்டாவது வழி. இரண்டு முனையிலும் நாலு நாலு போல்ட், பதினான்கு அல்லது பதினேழு சாவி. கழற்றுமுன் இரண்டு விளிம்பிலும் ஒரே நேர்கோட்டில் வெட்டுக் குறி போடுங்கள், திரும்பப் பூட்டும்போது பிசகாது. ஆனால் உடைந்த துண்டு கிரவுனுக்கும் குடத்துக்கும் இடையில் சிக்கிச் சில்லே இறுகிவிட்டால் சாஃப்டைக் கழற்றுவதில் பயனில்லை. எக்சலையே பிரிக்கவேண்டும். அதில் ஒரு கண்டம் இருக்கிறது: பல புது மொடல்களில் சிவி எக்சலின் வெளி முனைதான் சில்லு பெயரிங்கை நெருக்கிப் பிடித்திருக்கிறது. எக்சலை முழுக்க இழுத்துவிட்டு ஓடினால் வழியில் சில்லே கழன்று போகும். டிஃபரன்ஷல் பக்கத்து போல்ட்களை மட்டும் கழற்றி உள் முனையை விடுவித்து, அதைக் கம்பியால் மேலே கட்டி மெல்ல வரலாம், அதுவும் போல்ட் போட்ட வகையில்தான் முடியும்.

எப்போதும் நாலு சில்லும் இழுக்கும் பிராடோ மாதிரி வாகனத்தில் முன் சாஃப்டைக் கழற்றிவிட்டு, ஏன் அசையவில்லை என்று குழம்பவேண்டாம். நடு டிஃபரன்ஷலைப் பூட்டினால்தான் பின் சில்லுக்கு இழுவை போகும்.

இந்த ஆடிக்குப் போகும்போது தண்ணீர்ப் பீப்பாவோடு ஒரு பதினான்கு, ஒரு பதினேழு சாவி, கட்டுக்கம்பி, இரண்டு லீற்றர் கியர் ஒயில், ஒரு துண்டு சோக் ஆகியவற்றையும் ஏற்றிக்கொள்ளுங்கள். உங்கள் வாகனம் என்ன மொடல் என்று எழுதவில்லை. எழுதினால் எந்த வகை எக்சல் என்று அடுத்த மாதம் சரியாகச் சொல்கிறேன்.